இரவு 2.47க்கு வரும் பஸ்

இரவில் காரணமில்லாமல் என் உடம்பை எழுப்பிவிடும் ஒரு படபடப்பு எனக்கு இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு ‘பஸ்’ என்று பெயர். அம்மா, என் கணவர், நான் மூன்று பேரும் சேர்ந்து வைத்த பெயர். டொக்டர்மார் எழுதித் தந்த சொற்கள் எல்லாவற்றையும்விட இந்தச் சொல்தான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2018ஆம் ஆண்டு ஒரு மாலை, நானும் என் கணவரும் கொழும்பில் பம்பலப்பிட்டியில் காலி வீதியை மஞ்சள் கடவையில் கடந்துகொண்டிருந்தோம். கார்கள் நின்றுவிட்டன. கார்களுக்கு அந்தப் பக்கமாக வந்த பஸ் நிற்கவில்லை. அவர் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். முகத்தில் அடித்த காற்றில் எஞ்சின் சூடு தெரிந்தது, அவ்வளவு கிட்ட. நடைபாதைக்கு வந்து ஒரு புடவைக் கடையின் படியில் குந்தினோம். இரண்டு பேருக்கும் தொடை நடுங்கியது. வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நெஞ்சு காதுக்குள் இடித்தது. அப்போதுதான் சொன்னேன்: “இதுதானப்பா அது. இரவில எனக்கு வாறது இதேதான். பஸ் மட்டும் இல்லை.”

ஒன்றரை வருஷமாக அவருக்கு விளங்கப்படுத்த முடியாமல் இருந்த விஷயம் அது. நடுங்கிக்கொண்டிருந்த தன் கையையே பார்த்தபடி, “இது எத்தனை நாளைக்கு ஒருக்கா?” என்று கேட்டார். கிழமைக்கு மூன்று நான்கு தரம் என்றேன். அந்தப் படியிலேயே அவர் அழுதார்.

அது வரும்போது என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். இதை அனுபவிக்கிற யாராவது வாசித்தால் ‘ஓம், இதுதான்’ என்று அடையாளம் காண வேண்டும் என்பதற்காக.

நல்ல நித்திரையில் இருப்பேன். கெட்ட கனவு எதுவும் இருக்காது. விலா எலும்புகள் பிரிகிற இடத்தில், வயிற்றின் மேற்பக்கத்தில், உள்ளே ஒரு பைப்பைத் திறந்துவிட்டதுபோலச் சூடான ஒரு பாய்ச்சல். அது நெஞ்சால் ஏறிக் கழுத்தடிக்கு வந்து, இரண்டு கைகளிலும் விரல் நுனிவரை ஓடும். கண் திறந்துவிடும். காது கூர்மையாகிவிடும். எங்கள் வெள்ளவத்தை தொடர்மாடியில் நாலாம் மாடி எங்களுடையது. தண்டவாளத்துக்கு அப்பால் கடல் கல்லில் அடிக்கிற சத்தமும், ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் முனகுவதும், குசினியில் ஃபிரிட்ஜ் நிற்பதும் தொடங்குவதும் தனித்தனியாகக் கேட்கும். கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் கொழுவும் கருவியைப் போட்டுப் பார்த்தால் நாடி 128 காட்டும், 134 காட்டும். ஒரு தரம் 141. ஒக்சிசன் 98, அதில் ஒரு குறையும் இருக்காது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் பாய்ச்சல் அடங்கி, காய்ச்சல்காரர்போல நடுக்கம் தொடங்கும். பிறகு மூன்று தரம் சலம் கழிக்கப் போவேன். விடியும்போது, மழைக்குள் கிடந்த துணியைப் பிழிந்து எடுத்ததுபோல இருப்பேன்.

இதில் முக்கியமான ஒன்று இருக்கிறது, அதைக் கவனிக்க எனக்கே இரண்டு வருஷம் எடுத்தது. அந்தப் பாய்ச்சல் வரும் முதல் நிமிடத்தில் பயம் இல்லை. உடம்பு மட்டும்தான் எழும்புகிறது. பயம் அதற்குப் பிறகு வருகிறது.

சரி, இது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

2014 ஒக்டோபரில் வனவியல் முதுகலை படிக்க ஜேர்மனியில் பிரைபேர்க் நகரத்துக்குப் போனேன். கறுங்காட்டின் ஓரத்தில் இருக்கிற நகரம். 2015 ஜூன் மாதம் ஷாவின்ஸ்லாண்ட் மலைச் சரிவில் மரங்களின் சுற்றளவு எடுக்கிற வேலை. முழங்கால் உயரப் புல்லுக்குள் நாள் முழுக்க நின்றோம். அங்கே இருக்கிற உண்ணி பாய்வதில்லை, பறப்பதில்லை. புல் நுனியில் முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். நாம் உரசிப் போனால் தொற்றிக்கொள்ளும். கடித்தால் நோகாது. அடுத்த நாள் பின்னேரம் குளிக்கும்போது இடது முழங்காலின் பின்பக்கம், எள்ளைவிடச் சிறிய ஒரு கறுப்புப் புள்ளி கையில் தட்டுப்பட்டது. கூட இருந்த ஜேர்மன் பிள்ளை சின்ன இடுக்கியால் பக்குவமாக இழுத்து எடுத்தாள். அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ‘செக்கே’, அதாவது உண்ணி, என்றால் என்னவென்று தெரியும்.

பன்னிரண்டாம் நாள் அந்த இடத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் வந்தது. அரிப்பில்லை, வலியில்லை. நாளுக்கு நாள் பெரிதாகி ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் தட்டளவு வந்தபோது நடுப்பகுதி வெளிறியது. குடும்ப டொக்டர் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார்: பொரேலியா, உண்ணி பரப்பும் கிருமி. இந்த வட்டம் இருந்தால் இரத்தப் பரிசோதனை தேவையில்லை என்று சொல்லி டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், 14 நாள் எழுதினார். ஒரு குளிசையும் விடாமல் போட்டேன். வட்டம் மறைந்தது. நான் திரும்பவும் மலைக்குப் போனேன்.

அமெரிக்காவில் லைம் நோய் என்று சொல்வது இதைத்தான். கனெக்ரிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரில் பிள்ளைகளுக்கு மூட்டு வீக்கம் வந்துகொண்டே இருந்தது. பொலி மரே என்ற தாய் தன் வீட்டிலும் அயலிலும் யாருக்கு என்ன வருகிறது என்று வருஷக்கணக்காகக் குறித்துவைத்தார். 1975இல் அந்தக் குறிப்புகளோடு சுகாதார அதிகாரிகளிடம் போனார். அதற்கு முன்னம் அவருக்கும் ‘எல்லாம் மனதில்தான்’ என்று சொன்னவர்கள் இருந்திருக்கிறார்கள். கிருமியை வில்லி பேர்க்டோர்ஃபர் கண்டுபிடித்து 1982இல் வெளியிட்டார். இதை முதன்முதல் வாசித்தபோது கிருமியைக் கண்டவரைவிடக் கொப்பி எழுதிய தாய்தான் என் மனதில் நின்றார்.

மருந்து எடுத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு முழுச் சுகம் வந்துவிடுகிறது. நூறு பேரில் 5 முதல் 10 பேருக்கு மட்டும் களைப்பு, உடல்நோ, நினைவுத் தடுமாற்றம் ஆறு மாதத்துக்கு மேலும் நீடிக்கிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. நான் அந்தச் சிலரில் ஒருத்தி. 2016 தொடக்கத்தில் இருந்தே படி ஏறினால் களைப்பு, முழங்காலில் நோ, தெரிந்த சொல் வாய்க்கு வராத தவிப்பு. செப்டெம்பரில் படிப்பை முடித்துக்கொண்டு கொழும்புக்கு வந்தேன். 2017 தைப்பொங்கல் கழிந்து ஒரு கிழமையில் முதல் ‘பஸ்’ வந்தது. நேரம் 2.47. மேசை மணிக்கூட்டைப் பார்த்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

இங்கே உண்ணி என்றால் டொக்டர்மாருக்குத் தெரியாமல் இல்லை. மலைநாட்டில் காதுக்குள் புகுந்துகொள்ளும் உண்ணியையும், உண்ணியால் வரும் ரிக்கெற்சியாக் காய்ச்சலையும் அவர்கள் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். ஆனால் லைம் என்ற சொல்லைக் கேட்டதும் என் ஜேர்மன் கடிதத்தை இரண்டு தரம் வாசிப்பார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் பார்த்த டொக்டர் நாலு நிமிடம் கேட்டார். “கலியாணம் முடிச்சு எத்தனை வருஷம்? பிள்ளை இல்லையோ?” என்று விசாரித்தார். பிறகு “இது பதகளிப்பு, மனப் பதற்றம்” என்று சொல்லி நித்திரைக் குளிசை எழுதினார். பதகளிப்பு நோய் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. என் நெருங்கிய சினேகிதி ஒருத்திக்கு அது இருந்தது. சரியான சிகிச்சையால் சுகமானாள். என்னை நோகடித்தது வேறு. எது முதல் வருகிறது, உடம்பா பயமா என்று அவர் கேட்கவே இல்லை.

அந்த வரிசை தெரியாமல் இருந்த காலத்தில் நான் செய்தவற்றை நினைத்தால் இன்றும் அந்தரமாக இருக்கிறது. உடம்பு எழும்பி நிற்கிறது. காரணம் ஒன்றும் இல்லை. மனம் அதைத் தாங்காது. ஓடிப்போய் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு வரும். காஸ் பூட்டினேனா? அம்மா மூச்சு விடுகிறாவா? எத்தனை இரவு அம்மாவின் கட்டிலடியில் போய் நின்று போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்திருக்கிறேன். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற அக்காவுக்கு அங்கே பின்னேரமாக இருக்கும் என்று போன் எடுத்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறேன். 2017 ஜூலையில் ஒரு இரவு, பாய்ச்சல் வந்த அதே நொடியில் என் கணவரின் போனில் வெளிச்சம் வந்தது. ஏதோ கம்பனி விளம்பரம். ஆனால் அந்த நிமிடத்தில் என் நெஞ்சு 130இல் அடித்துக்கொண்டிருந்தது, கண் அந்த வெளிச்சத்தில் நின்றது, மனம் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. இரண்டு கிழமை அவரோடு சரியாகக் கதைக்கவில்லை. அவருக்குக் காரணம் தெரியாது. எனக்கும் தெரியாது என்பது எனக்கே தெரியாது.

அந்த வருஷக் கடைசியில் நான் வேலையை விட்டதும் அப்படித்தான். பகலில், ஒரு வேலைத்திட்டத்தின் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது பாய்ச்சல் வந்தது. ‘இந்த வேலைதான் என்னைக் கொல்லுகிறது’ என்று முடிவு செய்தேன். எனக்குப் பிடித்த வேலை அது. நில வரைபடங்கள் செய்வது.

பிறகு ஒருநாள் கிரெகோரியோ மரஞோன் என்ற ஸ்பெயின் நாட்டு டொக்டரின் பழைய பரிசோதனை பற்றி வாசித்தேன். 1924இல் அவர் 210 பேருக்கு, ஆபத்து நேரத்தில் உடம்பு சுரக்கும் அட்ரினலினை ஊசியாகப் போட்டு என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். பெரும்பாலானவர்கள் நெஞ்சு அடிக்கிறது, கை நடுங்குகிறது என்று உடம்பை மட்டும் சொன்னார்கள். உணர்ச்சியைச் சொன்னவர்களிலும் அநேகர் ‘பயந்ததுபோல இருக்கிறது, ஆனால் பயம் இல்லை’ என்ற மாதிரிச் சொல்லியிருக்கிறார்கள். ‘போல’. அந்த ஒரு சொல்லுக்காக அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் பொய் சொல்லவில்லை, எனக்கு விசரும் இல்லை என்று எங்கேயோ முகம் தெரியாத 210 பேர் வந்து சாட்சி சொன்னதுபோல இருந்தது.

அட்ரினலின் சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பிபோல இருக்கிற இரண்டு சுரப்பிகளில் இருந்து வருகிறது. நரம்பு முனைகள் அதன் சகோதரமான நோர்அட்ரினலினை வெளிவிடுகின்றன. இரத்தத்தில் அட்ரினலினின் ஆயுள் மிகக் குறைவு. இரண்டு மூன்று நிமிடத்தில் பாதியாகிவிடும். அப்படியானால் எனக்கு ஏன் பத்துப் பதினைந்து நிமிடம் நீடிக்கிறது? பயந்துபோன மனம் அடுத்த தரத்துக்கு அடுத்த தரம் புதிதாகச் சுரக்க வைக்கிறது. முதல் பாய்ச்சலுக்கு நான் பொறுப்பில்லை. அதற்குப் பிறகு வருவதில் கொஞ்சம் என் கையில் இருக்கிறது. இது தெரிந்தபிறகு எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

2019இல் ஒரு வயதான பொது வைத்திய நிபுணரிடம் போனோம். தமிழர், ஓய்வு பெறும் வயதைத் தாண்டியவர். இரத்தம் எடுக்கும் முன்னம் ஒரு எளிமையான பரிசோதனை செய்தார். பத்து நிமிடம் பேசாமல் படுக்கச் சொன்னார். நாடி 72. பிறகு எழும்பி, சுவரில் சாயாமல், அசையாமல் நிற்கச் சொன்னார். நிமிடத்துக்கு ஒரு தரம் அவரே எண்ணினார். எட்டாவது நிமிடம் 114. பிரஷர் இறங்கவில்லை. என் கால்களைப் பார்க்கச் சொன்னார். பாதம் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

“பிள்ளை, உமக்கு இது கற்பனை இல்லை,” என்றார். “நிண்டவுடன எல்லாருக்கும் அரை லீற்றருக்கு மேல ரத்தம் காலுக்கும் வயித்துக்கும் இறங்கும். ரத்தக் குழாயைச் சுருக்கி அதை மேல தள்ளுறது நரம்பின்ர வேலை. உம்மட நரம்பு அதைச் சரியாச் செய்யேல்லை. அதுக்காக உடம்பு அட்ரினலினைக் கொட்டுது.”

பத்து நிமிடம் நிற்கும்போது நாடி 30க்கு மேல் கூடி, பிரஷர் இறங்காமல் இருந்தால் அதற்கு ‘பொட்ஸ்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் 1993இல் வந்தது. தொற்றுக் காய்ச்சல்களுக்குப் பிறகு வருவதாகப் பல காலமாகப் பதிவாகியிருக்கிறது. லைம் நோய்க்குப் பிறகு இது வந்த ஐந்து பேரைப் பற்றி அமெரிக்க இதய டொக்டர்கள் 2011இல் எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேர் என்பது சின்னத் தொகைதான். ஆனாலும் அந்தக் கட்டுரையை அவர் எனக்காகப் பிரதி எடுத்து வைத்திருந்தார். நான் படுத்திருக்கும்போது ஏன் வருகிறது என்று கேட்டேன். கனவு நித்திரையில் இந்த நரம்புகளின் வேலை எல்லாருக்கும் ஏறி இறங்கும், பிடி தளர்ந்தவர்களுக்கு அந்த ஏற்றம் எழுப்பிவிடும் அளவுக்கு வரலாம் என்பது அவருடைய விளக்கம்.

அதோடு விடவில்லை அவர். தைரொயிட் பார்த்தார், சீனி பார்த்தார், 24 மணித்தியாலம் நெஞ்சில் கருவி கட்டி இதய ஓட்டம் பார்த்தார். லைம் கிருமி இதயத்தின் மின்னோட்டத்தைத் தடுக்கக்கூடியது என்பதால் ஈ.சி.ஜி.யை இரண்டு தரம் எடுத்தார். அட்ரினல் சுரப்பியில் வரும் அரிய கட்டி ஒன்று இதே மாதிரிப் படபடப்பு, வியர்வை, தலையிடியைக் கொடுக்கும். அதற்காக ஒரு நாள் முழுக்கச் சலத்தைப் போத்தலில் சேர்த்துக் கொடுத்தேன். எல்லாம் சுத்தம். இந்தப் பரிசோதனைகள் செய்யாமல் ‘எனக்கும் உண்ணிதான் கடித்தது, அதுதான் இது’ என்று யாரும் முடிவுகட்டக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மயங்கி விழுந்தால், நெஞ்சு நோ வந்தால், விடியும்வரை பார்த்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதற்கு இடையில் ஒரு இருண்ட காலமும் இருந்தது. இணையத்தில் தேடப் போனால் நீண்டகால அன்ரிபயோட்டிக் தருகிறோம் என்று சொல்லும் இடங்கள் வரும். வெளிநாட்டில் ஒரு கிளினிக்கோடு கடிதம் எழுதினேன். மாதக்கணக்காக நாளத்தில் மருந்து ஏற்றுவதற்கு அவர்கள் கேட்ட தொகை எங்கள் இரண்டு வருஷச் சம்பளம். அம்மா ஒன்றும் பேசாமல் அலுமாரியைத் திறந்து, தன் காப்புகளையும் பதக்கச் சங்கிலியையும் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அந்தக் காட்சிதான் எங்களை நிறுத்தியது. என் கணவர் இரவிரவாக இருந்து ஆய்வுகளை வாசித்தார். 2001இல் அமெரிக்காவில் ஒரு மாதம் நாளத்தில், இரண்டு மாதம் வாயில் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2016இல் நெதர்லாந்தில் 280 பேருக்கு மூன்று மாதம் நீட்டிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டிலும், கூடுதல் மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட மேலாக வரவில்லை. இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று காட்டும் பரிசோதனையும் வருஷக்கணக்காக அப்படியேதான் காட்டும். கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி இல்லை. அம்மாவின் காப்புகள் திரும்ப அலுமாரிக்குப் போயின. ஆற்றாமையில் இருக்கிற மனிதரிடம் இப்படிக் காசு கேட்பவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

அம்மாவைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. தொடக்கத்தில் அவர் செய்ததெல்லாம் எங்கள் அம்மாமார் செய்வதுதான். செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டு நாவூறு கழித்தார். தெகிவளை ஆஞ்சநேயர் கோயிலில் நூல் கட்டுவித்தார். ஒன்றுக்கும் நிற்கவில்லை என்றதும் ஒருநாள் கோபத்தில் சொன்னார்: “எனக்குப் பயத்துக்குக் காரணம் இருந்தது. உனக்கு என்ன பிள்ளை காரணம்?”

தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த 83 ஜூலையில் அம்மாவுக்கு 24 வயது. இதே வெள்ளவத்தையில், பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் சாமான் அறைக்குள், அரிசி மூட்டைக்குப் பின்னால் மூன்று இரவு இருந்தவர். இன்றும் வெடி கொளுத்தினால் தட்டைக் கீழே போட்டுவிடுவார். அவருடைய திடுக்காட்டத்துக்கு முகம் இருக்கிறது, தெரு இருக்கிறது, திகதி இருக்கிறது. என்னுடையதற்கு எதுவும் இல்லை. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. பல மாதம் கழித்து, நாடி 134 காட்டிய கருவியை அவருடைய கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார். “காரணம் இல்லாமலும் உடம்பு இப்பிடிச் செய்யுமோ?” என்று கேட்டார். செய்யும் அம்மா என்றேன். “அது இன்னும் கொடுமை,” என்றார். அதற்குப் பிறகு அவர் காரணம் கேட்டதில்லை.

இப்போது செய்வது இவ்வளவுதான். நாளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். டொக்டர் சொன்ன அளவில் கூடுதல் உப்பு. பிரஷர் இருப்பவர்கள் இதைச் செய்யக்கூடாது. வெளியே போகும்போது இறுக்கமான நீளக் காலுறை. கொழும்பு வெக்கைக்குள் அதைப் போடுவது தண்டனைதான், ஆனால் பலன் இருக்கிறது. புரோப்பிரனலோல் 10 மில்லிகிராம் காலையும் இரவும். ஆஸ்துமா இருந்தால் அது ஒத்துவராது, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சோற்றை மத்தியானம் கோப்பை நிறையப் போடாமல் இரண்டு தரமாகச் சாப்பிடுகிறேன். சுடுதண்ணீரில் குளிப்பதை நிற்பாட்டிவிட்டேன். மயூரபதி அம்மன் கோயிலில் பூசை நேரம் தூணடியில் இருந்து கும்பிடுகிறேன். முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது அங்கே எனக்கென்று ஒரு இடமே இருக்கிறது.

கிழமைக்கு மூன்று நான்காக இருந்தது பத்து நாளுக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. நின்றுவிடவில்லை. நாட்டில் காஸ் தட்டுப்பாடாக இருந்த 2022 மே மாதம் காஸ் வரிசையில் நாங்கள் நின்ற நாட்களில் திரும்பவும் கூடியது. ஒருநாள் மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்று, கண் இருண்டு, வெறும் சிலிண்டரின் மேலேயே குந்திவிட்டேன். பின்னால் நின்ற சிங்கள அம்மா ஒருவர் தன் குடையை எனக்கு மேலே பிடித்துக்கொண்டு, மகனைக் கடைக்கு அனுப்பி ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல் பக்கெற் வாங்கிக் கரைத்துத் தந்தார். என்ன வருத்தம் என்று கேட்கவில்லை. என் இடத்தையும் விட்டுக்கொடுக்காமல் பார்த்துக்கொண்டார்.

இரவில் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. நான் ‘பஸ்’ என்று ஒரு சொல் சொல்வேன். என் கணவர் லைட்டைப் போடாமல் என் கால்களைத் தூக்கித் தலையணையில் வைப்பார். உப்பும் தேசிக்காயும் போட்ட தண்ணீர் ஃபிளாஸ்கில் தலைமாட்டில் இருக்கும். போனைத் தொடுவதில்லை. விடியும்வரை எந்த முடிவும் எடுப்பதில்லை, யாரைப் பற்றியும் எதையும் தீர்மானிப்பதில்லை. மனம் காஸைக் கொண்டு வரும், அக்காவின் பிள்ளைகளைக் கொண்டு வரும், நெஞ்சு நின்றுவிடும் என்று சொல்லும். வரட்டும் என்று விட்டுவிட்டு ஃபேன் சத்தத்தை எண்ணுகிறேன்.

ஒரு கொப்பியும் வைத்திருக்கிறேன். நேரம், நாடி, எத்தனை நிமிடம், முந்தின நாள் என்ன செய்தேன், மாதவிடாய்க்கு எத்தனை நாள் என்று பிரித்துக் கோடு போட்ட கொப்பி. மாதவிடாய்க்கு முந்தின நாலு நாளும், தண்ணீர் குறைந்த நாட்களும், நீண்ட நேரம் நின்ற நாட்களும் மோசம் என்பது அதில் இருந்துதான் தெரியவந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு எந்த ஒழுங்கும் அகப்படவில்லை.

நேற்றிரவும் வந்தது. அவர் மாத்தறைக்கு வேலையாகப் போயிருந்ததால் அம்மா என் அறையில் படுத்திருந்தார். நான் சொல்லும் முன்னமே எழும்பி, இருட்டுக்குள் தடவி என் காலடிக்குத் தலையணை வைத்தார். பிறகு கட்டில் விளிம்பில் இருந்து என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒன்றும் கதைக்கவில்லை. கனநேரம் கழித்து, “பஸ் போட்டுதோ?” என்று கேட்டார்.

“போகுது அம்மா.”

விடிய முன்னம் முதல் ரயில் கொழும்புப் பக்கம் போன சத்தம் கேட்டது. அம்மா தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனார். நான் கொப்பியை எடுத்து எழுதினேன்: 3.10. நாடி 131. பதினொரு நிமிடம். தண்ணீர் சரி, நிற்கவில்லை, மாதவிடாய்க்குப் பதினாறு நாள். காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.